பிளேயரின் இடது பக்கம்

நான் கை நீட்டுகிறவன். பாதியில் தெரிந்து நீங்கள் முகம் சுளிப்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ரேடியோ கரகரத்தால் அதன் தலையில் ஒரு தட்டு, டிவியில் படம் உருண்டால் பக்கவாட்டில் ஓர் அறை, பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால் அதே கையால் செவுளில் ஒன்று. அப்பா ஆத்திரமே இல்லாமல் அடிப்பார், ஏதோ பழுது பார்க்கிற மாதிரி. நான் அவருடைய கையை வாங்கிக்கொண்டேன், நிதானத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். அங்கேயும் அடம்பிடிக்கிற மோட்டாரை ஒரு உதை விட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன்.

என் தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவனும் சளைத்தவன் இல்லை, வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். கல்யாணம் ஆகவில்லை. சேலையூரில் நாங்கள் இருக்கிற வீட்டின் மாடி அறை அவனுடையது. மெல்லிசைக் குழு ஒன்றுக்கு சவுண்ட் பார்க்கிறான். கல்யாண ரிசப்ஷனில் மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவில் ஒரு மேஜை போட்டு, நூறு திருகுகள் உள்ள மிக்ஸர் முன்னால் ஒருவன் உட்கார்ந்திருப்பானே, அந்த ஆள். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை, அந்தப் பக்கம் படப்பை வரை அவன் உட்காராத மண்டபம் கிடையாது.

அவனுடைய சொத்தே காதுதான். தெரு முனையில் வரும்போதே, அண்ணி ஓட்டுகிற மிக்ஸியில் பேரிங் போகப்போகிறது என்பான். இரண்டு வாரத்தில் போகும். பாடகர்கள் தங்களுக்குத் தொண்டை கட்டியிருப்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள். என் காதைப் பற்றியும் அவனுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது காதே இல்லை, கண்ணாடி மாட்டுவதற்காகக் கடவுள் அடித்து வைத்த இரண்டு ஆணி. வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவன் காதில் கேட்டதுதான் உண்மை, என் காதில் கேட்பதெல்லாம் சும்மா என்று நானே ஒப்புக்கொண்டிருந்தேன். பின்னால் எங்களைக் கெடுத்தது இந்த ஒப்புதல்தான்.

அவனிடம் ஒரு மியூசிக் பிளேயர் இருந்தது. போனிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கிற காலத்தில், பாட்டுக்கென்றே தனியாக உள்ளங்கை அளவில் ஒரு கருவி. போனில் வருவது பாட்டின் ஜெராக்ஸ் என்பான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் போகும் முன்னும் அதில் ஒரே ஒரு பதிவைக் கேட்பான். வயலினும் மிருதங்கமும் மட்டும். வயலின் வலது காதில், மிருதங்கம் இடது காதில். மிருதங்கத்தில் சாப்பு என்கிற வெட்டடி விழும்போது வருகிற அந்தக் கூர்மையை வைத்துக் காதைத் தயார்படுத்திக்கொண்டு புறப்படுவான். இயர்போனும் சாதாரணமானது இல்லை. இடது காதின் வளைவுக்கு ஒன்று, வலது காதின் வளைவுக்கு ஒன்று. துளையை இறுக்கி அடைத்துக்கொள்ளும். ஒன்றை மற்றக் காதில் மாட்டவே முடியாது.

அது கிணற்றில் தண்ணீர் கீழே போயிருந்த மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பினதும் நிறுத்து என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கறி வாங்கப் போனேன். கறிக்கடையில் வரிசை. திரும்பி வரும்போது எங்கள் வீட்டு மாடியிலிருந்து தண்ணீர் கொட்டித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு அந்த வாரம் முழுவதும் லாரித் தண்ணீர். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

படியில் கத்திக்கொண்டே ஏறினேன். அவன் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் பிளேயரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். அந்தச் சாந்தம்தான் என்னை அடிக்க வைத்தது என்று நினைக்கிறேன். ஓங்கி ஒன்று வைத்தேன். உள்ளங்கை முழுதாக அவன் இடது காதில், இயர்போன்மேலேயே விழுந்தது. மடியிலிருந்த பிளேயர் தெறித்துத் தரையில் மோதிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

ஒரு நிமிஷம் அவன் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவனாக உட்கார்ந்திருந்தான். பிறகு காலைத் தூக்கி என் வயிற்றில் உதைத்தான். நான் அவன் முடியைப் பிடித்தேன். அவன் என் முழங்கையைக் கடித்தான். நாற்பத்தைந்து வயது ஆளும் முப்பத்தாறு வயது ஆளும் கறிப்பையை மிதித்துக்கொண்டு புரண்டோம். கதவின் கீல் ஒன்று பெயர்ந்துவிட்டது. என் மனைவி முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டு அப்புறம்தான் எங்களைப் பிரிக்க வந்தாள். அவன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் கட்டிலுக்கு அடியில் பிளேயரைத் துழாவினான்.

அன்று அடிபட்டது பிளேயர் இல்லை, அவன் காது. இப்போது ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

மூன்று நாள் பேச்சுவார்த்தை கிடையாது. நான்காம் நாள் கீழே வந்து பிளேயரை மேஜைமேல் வைத்தான். "லெஃப்ட் சரியா வரல. கம்பளி போத்தின மாதிரி கேக்குது. சாப்பு செத்துப்போச்சு," என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வரும். கொடு, பிரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்தே, "மெஷின் இருக்கட்டும், மொதல்ல தம்பி காதை டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள். தம்பிக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. தன் காதைத் தனக்குத் தெரியும் என்றான். நான் அவன் பக்கம் சேர்ந்துகொண்டேன். அவன் காதையே சந்தேகப்படுகிறாயா, உனக்கு என்ன தெரியும் என்று அவளை ஒரு கத்து கத்தினேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் அவனுடைய பழைய பிளேயர் ஒன்றை நான் பிரித்திருக்கிறேன். பின்னால் நான்கு ஸ்க்ரூ. கழற்றினால் பேட்டரி ஒரு சின்ன பிளக்கில் தொங்கும், பிடுங்கிவிட்டுப் புதிது மாட்டலாம். இதில் ஒரு ஸ்க்ரூ கண்ணில் படவில்லை. பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பசை போட்டு ஒட்டியிருந்தது. மனைவியின் ஹேர் டிரையரால் சூடுகாட்டி, காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து நெம்பினேன். கண்ணாடி இரண்டாக உடைந்து கட்டைவிரலைக் கிழித்தது. உள்ளே இருந்த ஸ்க்ரூக்கள் ஐந்து இதழ் பூ மாதிரி தலை உள்ளவை. அதற்கு என்னிடம் கருவி இல்லை. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை அரத்தால் ராவி ராவி அந்தத் தலைக்குள் ஏற்றினேன். திறக்கிறவன்மேல் இதைச் செய்தவனுக்கு அப்படி என்ன பகை என்று கெட்ட வார்த்தையோடு திட்டிக்கொண்டே செய்தேன்.

பேட்டரியை அடித்தட்டோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஹெட்போன் சொருகுகிற துளை அதற்கு அடியில் இருந்தது. பொறுமையாகச் சூடுகாட்டியிருக்க வேண்டும். நான் ஸ்க்ரூடிரைவரை அடியில் விட்டு நெம்பினேன். புஸ் என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, தொண்டையை அறுக்கிற நாற்றம். வெறுங்கையால் பிய்த்தெடுத்துப் பின்பக்கம் வீசினேன். துணி துவைக்கிற கல்மேல் விழுந்து தீப்பிடித்து எரிந்தது. என் இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. தம்பி ஓடிவந்து, போர்டு தப்பித்ததா என்றுதான் கேட்டான். தப்பித்தது என்றேன். எனக்கும் அதுதான் கவலையாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய போன், சார்ஜர், ரிமோட் எல்லாம் தார்ப்பாயில் குவிந்து கிடக்கிற வரிசையில் மூன்று மணிநேரம் குந்திக் குந்தித் தேடினோம். அதே மாடல், திரை உடைந்தது ஒன்று கண்ணில் பட்டது. நான் ஒரு முனையைப் பிடித்தபோது வேறு ஒரு ஆள் மறு முனையைப் பிடித்திருந்தார். அவரிடம் பேசிப் பார்த்திருக்கலாம். முழங்கையால் நெஞ்சில் ஒன்று கொடுத்தேன், விட்டுவிட்டார். தம்பி அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். ரயிலில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தோம்.

சந்தைப் பிளேயரின் பேட்டரியை நானே மாட்டினேன். அதன் ஹெட்போன் துளையை எடுத்து இதில் வைப்பதற்குச் சூடான காற்று ஊதுகிற கருவி வேண்டும். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். என் வயதுதான் இருக்கும். ஒரு மணிநேரத்தில் மாற்றிவிட்டார். தன் இயர்போனைப் போட்டுக் கேட்டார். ஒரே ஸ்தாயியில் 'ஊ' என்று ஒரு சத்தத்தை ஓடவிட்டு, மீட்டரின் முனைகளை முதலில் இந்தப் பக்கமும் பிறகு அந்தப் பக்கமும் வைத்து எண்களைக் காட்டினார். இரண்டும் ஒன்று. தம்பி மாட்டிக் கேட்டுவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினான். அவர் மறுபடி வைத்தார். மறுபடி ஒன்று.

"சார், மெசின் நல்லாத்தான் கீது. காதைப் போய்க் காட்டு," என்றார்.

கவுன்டருக்கு மேலாகக் கையை விட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ஸ்க்ரூ வைத்திருந்த தட்டு கவிழ்ந்தது. என் தம்பி யார் தெரியுமா, அவன் காது எப்படிப்பட்ட காது தெரியுமா என்று நடுரோட்டில் சவுண்ட் விட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பிடித்துத் தள்ளினார்கள். அவர் பித்தான் அறுந்த சட்டையோடு குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். என் மனைவிக்கு அடுத்து எங்களிடம் உண்மையைச் சொன்னவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் நானும் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், இரண்டும் நன்றாகத்தான் கேட்டன. தம்பியிடம் சொன்னேன். ஆணிக்கு என்ன தெரியும் என்றான். சரிதானே என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என் காதை நான் நம்பியிருக்க வேண்டும்.

பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பிளேயரின் செட்டிங்கில் இடது பக்கத்தைக் கூட்ட இடம் இருந்தது. கூட்டினான். சாப்பின் கூர்மைக்காக அந்தப் பக்கத்து உச்ச ஒலியையும் ஏற்றினான். கண்ணை மூடி நெடுநேரம் கேட்டுவிட்டு, வந்துருச்சு என்றான். நான் கேட்டபோது மிருதங்கம் இடது காதைக் குத்தியது. வாயைத் திறக்கவில்லை. அவன் முகத்தில் அந்தப் பழைய சாந்தம் திரும்பியிருந்தது. அடித்ததற்குக் கணக்கு நேராகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அடி விழுந்து சரியாக ஐந்தாவது வாரம், ஆடி முடிந்து வந்த முதல் முகூர்த்த நாள். பெருங்களத்தூர் பக்கத்து மண்டபம் ஒன்றில் மாலை ரிசப்ஷன். பிளேயர் சரியாகிவிட்ட குஷியில் என்னையும் வரச்சொல்லியிருந்தான். நான் இடது பக்க நாற்காலிகளில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் அலறியது. குழந்தைகள் வீறிட்டன. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் மாமா எழுந்து போய்த் தம்பியிடம் குறைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது என்று தம்பி சொன்னானாம். அவர் மறுபடி சொன்னதும், எனக்குப் பாடம் எடுக்கிறீர்களா என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினான். அவர் வயரைப் பிடுங்கினார். தம்பி அவரைத் தள்ளினான். பிறகு நான்கு பேர் தம்பிமேல் விழுந்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி முதலில் கிடைத்த முதுகில் இறக்கினேன். யாரோ என் வாயில் குத்தினார்கள், உதடு கிழிந்தது. சந்தனக் கிண்ணமும் கல்கண்டும் காலடியில் நொறுங்கின. இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் பாட்டு நின்றுவிட்டது. மணமக்கள் கும்பிட்ட கையோடு நின்றிருந்தார்கள்.

குழுவில் கீபோர்டு வாசிப்பவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். தம்பியோடு பத்து வருடமாக இருக்கிறவர். மிக்ஸரைப் பார்த்தார். கீழே கிடந்த பெரிய ஹெட்போனை எடுத்துத் தம்பியின் தலையில் மாட்டி ஒரு பாட்டை ஓடவிட்டார். பிறகு அதைக் கழற்றி, இடது பக்கத்தை வலது பக்கமாகத் திருப்பி, மறுபடி மாட்டினார். அவ்வளவுதான் செய்தார். இயர்போனில் நாங்கள் செய்ய முடியாமல் இருந்தது அதுதான்.

தம்பிக்கு மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்காமல் ஹெட்போனைத் தானே கழற்றித் திருப்பி மாட்டினான். மறுபடி திருப்பினான். மறுபடியும். எப்படி மாட்டினாலும் அவனுடைய இடது காதுதான் செத்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தான். முறுக்கிப் பிடித்திருந்தவர்களை உதற எனக்குத் தெம்பு இல்லை.

குரோம்பேட்டையில் ஒரு காது டாக்டர். பரிசோதனைக்குக் கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே தம்பி, வெளியே நான். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வலது காதுக்குச் சத்தம் கொடுக்கக் கொடுக்க விரல் சட்டென்று எழுந்தது, சோதனை செய்கிற பெண்ணே ஆச்சரியப்பட்டார். பிறகு இடது காது. அவர் திருகைக் கொஞ்சம் திருப்பினார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். தம்பி கண்ணை மூடி, முகம் முழுவதையும் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். விரல் தொடைமேலேயே கிடந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் மனசுக்குள் தூக்குடா, தூக்குடா என்று கெஞ்சினேன்.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். ஸ்பீக்கர் பக்கத்திலேயே வேலை என்றான் தம்பி. அவர் நம்பவில்லை, ஒரு காதில் மட்டும் இப்படி வராது என்றார். நான் தம்பியைப் பார்த்தேன். பிறகு, "நான்தான் சார் அடிச்சேன்," என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. உள்காது நரம்பில் அடிபட்டிருக்கிறது, முதல் சில நாளிலேயே வந்திருந்தால் மருந்து கொடுத்து முயற்சி செய்து பார்த்திருக்கலாம், இனி அதிகம் எதிர்பார்க்க முடியாது என்றார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் கேட்டார்.

"மெஷினை ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தோம்," என்றான் தம்பி.

ஒற்றைக் காதுக்காரனை யாரும் சவுண்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். மிச்சம் இருப்பது வலது காது, அதை வைத்துத்தான் அவன் பிழைத்தாக வேண்டும். கீபோர்டுக்காரர் வெளியில் மூச்சு விடவில்லை. இடது பக்கத்துக்கு ஓர் ஆளை நிறுத்திக்கொள் என்று மட்டும் சொன்னார். நான் நிற்கிறேன் என்றேன். தம்பி என் கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு, வா என்றான். ஒரு பக்கம் கூடவா குறைவா என்று சொல்ல ஆணியே போதும். இடது சுவர் ஓரமாக நான் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் கையைத் தூக்க வேண்டும், அதிகமானால் இறக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதல் நிகழ்ச்சி படப்பையில். இரண்டாவது பாட்டில் இடது பக்கம் சன்னமாகத்தான் கேட்டது. மண்டபத்தின் நடுவிலிருந்து தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வலது கையைத் தூக்கினேன்.

நாற்பது அடி தூரம் இருக்கும். நடுவில் முந்நூறு பேர். என் கை எழுந்ததுமே அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மிக்ஸரை விட்டுவிட்டுத் தன் வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். நான் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன், அவன் ஒரு தடவைகூட ஒடுங்கியது கிடையாது. அன்று ஒடுங்கினான். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தான். கையை எடுத்தான். இடது பக்கத்தை ஒரு நூல் ஏற்றிவிட்டு, போதுமா என்று என்னைப் பார்த்தான்.

போதும் என்பதற்கு நாங்கள் சைகை பேசி வைத்திருக்கவில்லை. கையை இறக்கினால் குறைத்துவிடுவான். தூக்கிய கையோடு அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.